இரு நாடுகள் மறந்த இசையாசிரியர்

அகில இந்திய வானொலியில் ஒரு காலத்தில் ஹார்மோனியம் ஒலிக்கலாகாது என்று தடை இருந்ததை நேயர்களுள் மூத்தவர்கள் அறிவார்கள். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அத்தடை, 1971-ஆம் ஆண்டில்தான் ஓரளவு தளர்ந்தது. அதற்கு வழி கோலிய கட்டுரைகளுள் ஒன்றை எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். டில்லி வானொலி நிலையத்தில் மேனாட்டு இசைப் பகுதியின் தலைவராகப் பணியாற்றிய அவருடைய பெயர் ஜான் ஃபோல்ட்ஸ். நம் நாட்டில் அவரை அறிந்த சிலரும் ஹார்மோனியத்தின் பகைவர் என்ற அளவிலேயே அறிவர். இங்கிலாந்திலோ நெடுங்காலம் அவர் பெயர் ஓரிரு எளிய மெல்லிசைத் துண்டுகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் உழைத்து ஆக்கிய பேரிசைப் படைப்புகள் பெட்டிகளுக்குள் உறங்கின. சில அப்பெட்டிகளையும் எட்டாமல் மறைந்தன.

அவ்வாறு மறைந்தவற்றுள் முதன்மையானவை இந்திய மண்ணில், நம்மில் பலர் இன்று வாழும் டில்லி மாநகரில் இயற்றப்பட்டவை. ஆதலின் ஓர் ஆங்கில இசையாசிரியரின் வரலாறு நமக்கென்ன என்று இதனைத் தள்ளிவிடுதற்கில்லை. அவர் எவ்வாறு மறக்கப்பட்டார், எவ்வாறு மீட்கப்பட்டார், எது மீளாமலே போயிற்று என்ற மூன்றையும் இங்கு நாம் சிறிது ஆராய்வோம்.

ஜான் ஹெர்பர்ட் ஃபோல்ட்ஸ் 1880-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் நகரின் ஹியூம் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்தின் புகழ் பெற்ற ஹாலே வாத்தியக் குழுவில் பசூன் என்னும் துளைக்கருவியை வாசித்தவர். இசைக் கல்லூரியில் முறையாகப் பயிலும் வாய்ப்பு மகனுக்குக் கிட்டவில்லை. வாத்தியக் குழுக்களின் நடுவே வளர்ந்து, தாமே கேட்டும் பார்த்தும் கற்றார். 1900-ஆம் ஆண்டில் தந்தை இருந்த அதே ஹாலே குழுவில் செல்லோ வாசிப்பவராகச் சேர்ந்தார். ஹங்கேரியில் பிறந்த இசைப் பேரறிஞர் ஹான்ஸ் ரிக்டர் அப்பொழுது அக்குழுவை நடத்தி வந்தார். அவரிடம் பெற்ற அனுபவமே ஃபோல்ட்ஸுக்குக் கல்லூரியாக அமைந்தது எனலாம்.

இளமையிலேயே அவர் மனம் ஒரு கேள்வியில் நிலைத்தது. மேனாட்டு இசை, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாகப் பகுத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளைப் புறக்கணித்து விடுகின்றது. அந்த இடைவெளிகளுள் இசை இல்லையா? 1898-ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயது நிரம்பும் தறுவாயில், நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசை ஒன்றில் அரைச் சுரத்தையும் பாதியாக்கிய கால் சுரங்களை அவர் கையாண்டார். ஐரோப்பாவில் அம்முயற்சியை மேற்கொண்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். நுண்சுருதிகளோடு பழகிய நம் செவிக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் மான்செஸ்டர் நகரத்து இளைஞர் ஒருவர், இந்திய இசையைக் கேளாத காலத்தில், தம் உள்ளுணர்வாலேயே அவ்வழியில் அடி வைத்தார் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. நாடகங்களுக்கு இசையமைத்தார்; மக்கள் விரும்பும் எளிய துண்டுகளை எழுதினார். 1911-ஆம் ஆண்டில் எழுதிய 'கெல்டிக் ஸ்வீட்' என்னும் தொகுப்பில் உள்ள புலம்பல் இசை இங்கிலாந்து முழுவதும் பரவியது. பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' நாடகம் 1924-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்தபோது அதற்கு இசையமைத்தவரும் இவரே. ஊருக்குத் தெரிந்த ஃபோல்ட்ஸ் இவர். தம் அறைக்குள் இருந்து வேறு ஓர் இசையைத் தேடிய ஃபோல்ட்ஸை அறிந்தவர் சிலரே.

அத்தேடலுக்குத் திசை காட்டியவர் மோட் மக்கார்த்தி என்னும் அம்மையார். அயர்லாந்தில் 1882-ஆம் ஆண்டில் பிறந்த இவர், சிறு வயதிலேயே பிடில் வாசிப்பில் பெரும்புகழ் எய்தியவர். நரம்பு நோயினால் மேடை வாழ்வைத் துறக்க நேர்ந்தது. 1907-ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையாருடன் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையார் அவ்வாண்டில்தான் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் தலைமையை ஏற்றிருந்தார். மக்கார்த்தி அம்மையார் சுமார் இரண்டாண்டுகள் இந்நாட்டில் தங்கித் தென்னாட்டு இசையையும் வடநாட்டு இசையையும் பயின்றார். இங்கிலாந்து திரும்பிய பின், 1912-ஆம் ஆண்டில் லண்டன் இசைச் சங்கத்தில் இந்திய இசைக் கொள்கைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். இருபத்திரண்டு சுருதிகளையும் தம் குரலால் பாடிக் காட்ட வல்லவர் என்று பெயர் பெற்றார்.

1915-ஆம் ஆண்டில் இவ்விருவரும் சந்தித்தனர்; பின்னர் வாழ்க்கைத் துணைவராயினர். தஞ்சையில் பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் திட்டம், இவ்வாறு ஓர் அயர்லாந்துப் பெண்மணியின் வழியாக ஓர் ஆங்கிலேயரின் மேசையை எய்தியது. மேனாட்டு இசைக்குப் பெரும்பாலும் இரண்டே சுரவரிசைகள் போதுமாயிருந்த காலம் அது. எழுபத்திரண்டு வாயில்கள் ஒருங்கே திறந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! 1920 முதல் 1927 வரை பியானோவுக்காக அவர் எழுதிய 'சுரவரிசைக் கட்டுரைகள்' இம்மேளங்களிலிருந்து ஊக்கம் பெற்றவை. ஒரு துண்டுக்கு ஒரு சுரவரிசையைத் தேர்ந்து, அதற்கு அயலான சுரம் ஒன்றையும் கலவாமல் இறுதிவரை நடத்திச் செல்வது அவற்றின் விதி. ஆங்கிலேயர் அதனைப் புதுமை என்றனர். நமக்கோ அது பழைய ஒழுங்கு.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேளம் வேறு, இராகம் வேறு. ஆரோகண அவரோகணப் போக்கும், கமகமும், பிடிகளும் சேர்ந்தால்தான் சுரவரிசை இராகமாக உயிர் பெறும். ஃபோல்ட்ஸ் பெற்றுக்கொண்டது மேளத்தின் எலும்புக்கூட்டை; அதன்மேல் அவர் போர்த்தது மேனாட்டு இசையின் உடலை. அவர் இயற்றியவற்றைக் கருநாடக இசை என்று கொண்டாடுவது பொருந்தாது. அந்நிய இசையின் அலங்காரத்தை மட்டும் மேலே பூசிக்கொண்டவர் என்று இகழ்வதும் பொருந்தாது. வெளிப்பூச்சை விட்டு உள்ளமைப்பைக் கற்க முயன்றவர் அவர்.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 முதல் 1921 வரை, அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய படைப்பை எழுதினார். இறந்தோரின் ஆன்ம அமைதிக்காகக் கிறித்தவ ஆலயங்களில் பாடப்படும் வழிபாட்டிசைக்கு 'ரெக்வியம்' என்று பெயர். ஃபோல்ட்ஸ் தம் படைப்புக்கு 'உலக ரெக்வியம்' என்று பெயரிட்டார். வென்ற நாட்டார், தோற்ற நாட்டார் என்ற வேறுபாடின்றி எல்லா நாடுகளின் இறந்தோரையும் நினைந்து, எல்லா நாடுகளிலும் துயருற்றோர்க்கு ஆறுதல் கூறுவது அதன் நோக்கம். அதற்குரிய சொற்களை மக்கார்த்தி அம்மையார் தொகுத்துத் தந்தார். விவிலியத்தின் வாசகங்களோடு நம் கபீர்தாசரின் வாக்கும் அதில் இடம் பெற்றது. பகைமை ஆறாத காலத்தில், பேரரசின் தலைநகரில், ஆளப்படும் நாட்டின் நெசவாளப் புலவருடைய சொல் இறந்தோர்க்கான வழிபாட்டில் ஒலித்தது சிறிய செய்தி அன்று.

1923-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி, போர் ஓய்ந்த நாளின் நினைவாக, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியது. பாடுவோரும் வாத்தியம் வாசிப்போருமாகச் சுமார் 1,250 பேர் பங்கு கொண்டனர். ஒன்றரை மணி நேரம் நீண்ட அவ்விசையைக் கேட்க, மக்களைப் போரில் பறிகொடுத்த தாய்மாரும் தந்தையரும் திரண்டனர். 1926-ஆம் ஆண்டு வரை ஆண்டுதோறும் அது நிகழ்த்தப்பட்டது. மக்கள் உருகினர், விமரிசகர் பலர் கடிந்துரைத்தனர். அதன்பின் அது நின்றுவிட்டது. 1927-ஆம் ஆண்டில் அதே மண்டபத்தில், ஒரு நாளிதழின் ஆதரவில், போர் வீரர்கள் கூடித் தங்கள் பழைய பாடல்களைப் பாடும் விழா தொடங்கியது. நினைவு நாளுக்குரிய இசையாக ஃபோல்ட்ஸின் படைப்பு நிலைபெறும் என்ற நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது.

அவர் பாரிஸ் நகரம் சென்றார். பேசாத படங்களுக்குத் திரையரங்கில் பியானோ வாசித்துப் பிழைத்தார். அந்த வறுமையிலும் பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்திசைக்கும் 'டைனமிக் டிரிப்டிக்' என்னும் பெரும்படைப்பை முடித்தார். மூன்று பகுதிகள் கொண்டது அது. முதற்பகுதி ஒரே சுரவரிசையின் ஆற்றலையும், இரண்டாம் பகுதி ஒலிவண்ணத்தின் ஆற்றலையும், மூன்றாம் பகுதி தாளத்தின் ஆற்றலையும் ஆராய்கின்றது. தாய்நாடு திரும்பிய பிறகும் நிலைமை மாறவில்லை. பி.பி.சி. நிலையம் பெரும்பாலும் அவருடைய எளிய துண்டுகளையே ஒலிபரப்பியது. 1934-ஆம் ஆண்டில் 'இன்றைய இசை' என்ற நூலை வெளியிட்டுத் தம் கொள்கைகளையெல்லாம் அதில் தொகுத்து வைத்தார். அடுத்த ஆண்டு மனைவி மக்களுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அப்பொழுது நம் நாட்டு வானொலி குழந்தைப் பருவத்தில் இருந்தது. பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் 1935-ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் துறையின் தலைமையை ஏற்றார். 1936-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதி டில்லி நிலையம் தொடங்கியது. அவ்வாண்டு சூன் 8-ஆம் தேதி 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. அடுத்த ஆண்டில் ஃபோல்ட்ஸ் டில்லி நிலையத்தின் மேனாட்டு இசைப் பகுதிக்குத் தலைவரானார். அதே காலத்தில் பம்பாய் நிலையத்தில் அப்பதவியை வகித்தவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த வால்டர் காஃப்மன். வானொலியின் தொடக்க இசையை இயற்றியவர் என்று பெரும்பாலோர் கூறுவது அவரைத்தான்.

ஃபோல்ட்ஸின் கடமை, டில்லியில் இருந்த ஐரோப்பியர்க்கு அவர்கள் விரும்பும் இசையை ஏற்பாடு செய்து தருவதாகும். அவர் அதனோடு நிற்கவில்லை. மேனாட்டு இசையைப் பற்றிய சொற்பொழிவுகளை ஒலிபரப்பினார். பஞ்சாபு நாட்டுப்புற இசையைத் தேடித் தொகுத்தார். எல்லாவற்றிற்கும் மேலாக, இந்திய வாத்தியக் கலைஞர்களைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தார். எழுதிய சுரக் குறிப்பைப் பார்த்துப் பலர் ஒருங்கே, ஒவ்வொருவரும் வெவ்வேறு பகுதியை வாசிக்கும் முறையில் அவர்களைப் பயிற்றி, 1938-ஆம் ஆண்டில் ஒலிபரப்பவும் செய்தார்.

மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், இதனை ஒருவகை மொழிபெயர்ப்பு என்றே கருதுகிறோம். இரு மொழிகளுக்கு இடையே நிற்பவன், ஒன்றின் பொருளை மற்றொன்றின் இயல்புக்கு இசையச் சொல்ல வேண்டும். இயல்பு கெட்டால் சொல் நிற்கும், பொருள் போய்விடும். ஃபோல்ட்ஸ் இந்த இடரை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று, ஹார்மோனியத்தைப் பற்றி 'இந்தியன் லிசனர்' இதழில் 1938-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை. அந்த வாத்தியத்தின் ஆங்கிலப் பெயரை இரண்டாகப் பிளந்து, முதற்பாதி 'தீங்கு' எனப் பொருள்படுமாறு தலைப்பிட்டார். கட்டைகளால் ஒலிக்கும் அக்கருவியில் ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இழைவுக்கு அதில் இடமில்லை. நுண்சுருதிகளுக்கும் இடமில்லை. அதனோடு இடைவிடாமல் பழகும் குரல், நாளடைவில் அந்தப் பன்னிரண்டு படிகளுக்குள்ளேயே சிறைப்படும் என்பது அவர் அச்சம். மேனாட்டார் ஒருவர், மேனாட்டிலிருந்து வந்த கருவியை, இந்திய இசையைக் காக்க வேண்டி விலக்கச் சொன்னார். 1940-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரவீந்திரநாத தாகூரும் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதி இதே கருத்தை வற்புறுத்தினார்.

ஹார்மோனியத்தின் சார்பிலும் வழக்கு உண்டு. எளியோர் வீட்டிலும் பசனை மடத்திலும் நாடக மேடையிலும் இசையைப் பரப்பியது அதுவே. அதனையே நம்பி வாழ்ந்த கலைஞர்களுக்கு முப்பதாண்டுத் தடை பெருந்துன்பம் விளைத்தது. தடை பிறந்தபோது ஃபோல்ட்ஸ் உயிரோடு இல்லை என்பதையும் கூற வேண்டும். மற்றொரு தடையும் எழுகின்றது. கலைஞன் தன் கற்பனையால் அவ்வப்போது விரித்துப் பாடும் மனோதர்மமே நம் இசையின் உயிர் என்றால், எழுதி வைத்துப் பலர் ஒருங்கே வாசிப்பது அவ்வுயிருக்கு ஊறு செய்யாதா? செய்யக் கூடும். அவ்வினாவுக்கு விடை காண, அவர் இயற்றிய இசையையே எடுத்து வைத்துக் கேட்பதுதான் நேர்மையான வழி. அவ்வழி இன்று நமக்கு அடைபட்டுக் கிடக்கின்றது. ஏன் என்பதைத்தான் இனிக் காண வேண்டும்.

டில்லியில் இருந்தபோது அவர் 'கீழ்நாடும் மேல்நாடும்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிம்பொனி எழுதினார். மேனாட்டு வாத்தியங்களும் இந்திய வாத்தியங்களும் ஒருங்கே ஒலிக்கும் படைப்பு அது. இருபதாண்டுக் கனவின் முடிநிலை என்று அதனைக் கூறலாம். 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கல்கத்தா நிலையத்தில் இசைப் பகுதியை அமைக்குமாறு அவரை அனுப்பினார்கள். சென்ற ஒரு வாரத்திற்குள் காலரா நோய் கண்டது. ஏப்ரல் 25-ஆம் தேதி விடியுமுன் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மக்கார்த்தி அம்மையார் இந்தியாவிலேயே தங்கித் துறவு பூண்டு, சுவாமி ஓமானந்த புரி என்று பெயர் கொண்டார்.

ஃபோல்ட்ஸின் பெயர் இதற்குப்பின் இரு நாடுகளிலும் மறைந்தது. இங்கிலாந்து அவரை எளிய இசை எழுதிவிட்டுக் கிழக்கே போய்விட்டவர் என்று எண்ணியது. இந்தியாவோ ஆட்சி செய்ய வந்த இனத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் என்று எண்ணியது. 1947-ஆம் ஆண்டு விடுதலைக்குப்பின் அத்தகையோரை நினைவிற்கொள்ளும் காரணமும் நமக்கு இல்லாது போயிற்று. அது அவர்கள் பொறுப்பு என்று ஒரு வீட்டாரும், இது இவர்கள் பொறுப்பு என்று மறு வீட்டாரும் இருந்துவிட்டால், இரண்டு வீட்டுக்கும் உறவானவன் திண்ணையில் பட்டினி கிடக்க வேண்டியதுதானே! யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. அவரைத் தமக்குரியவர் என்று கருதியவர் எவரும் இல்லை; அவ்வளவே.

மீட்சி 1970-களில் வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த மால்கம் மக்டொனால்ட் என்னும் இளம் இசைத் திறனாய்வாளர், பிரிட்டிஷ் நூலகத்தில் ஃபோல்ட்ஸின் படைப்புகளைக் கண்டார். மெல்லிசை எழுதியவர் என்று கேள்விப்பட்டிருந்த ஒருவர் இவ்வளவு ஆழமான இசையையும் எழுதினாரா என்று வியந்தார். தேடிச் சென்று ஃபோல்ட்ஸின் மகளைக் கண்டுபிடித்தார். அவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் சவப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள் இருந்தன. அவை நிறையக் கையெழுத்துப் பிரதிகளும் குறிப்புத் தாள்களும் கிடந்தன. பல தாள்கள் இந்தியாவில் நெடுங்காலம் கிடந்து எலிக்கும் எறும்புக்கும் இரையானவை.

ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர் வரலாற்றைப் படித்த தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. செல்லரித்த ஏட்டைக் கையில் எடுத்தவரின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் இரண்டு பணிகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. செய்யுளில் ஒரு சொல் சிதைந்தால் யாப்பும் பொருளும் கைகொடுக்கும். வேறு ஏடும் கிடைக்கக் கூடும். மேனாட்டுப் பேரிசையோ ஒரே தாளில் இருபது முப்பது வாத்தியங்களுக்கான வரிகளைக் கொண்டது. ஒரு மூலை அரிக்கப்பட்டால், அங்கே எந்த வாத்தியம் என்ன சுரத்தை எவ்வளவு நேரம் ஒலித்தது என்பதை ஊகித்தறிதல் அரிது. தாள் முழுமையாகக் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய வரியைத் தனித்தனியே படியெடுக்க வேண்டும். வாத்தியக் குழு ஒன்று இசைய வேண்டும்; ஒத்திகைக்குப் பொருள் வேண்டும். இவ்வளவும் கூடினால்தான் காகிதத்தில் உள்ளது காதுக்கு எட்டும்.

மக்டொனால்ட் 1975-ஆம் ஆண்டில் ஃபோல்ட்ஸின் இசை வாழ்வைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1989-ஆம் ஆண்டில் அதனை விரித்து மீண்டும் எழுதினார். 1980-களில் நால்வர் இசைப் படைப்பாகிய 'குவார்ட்டெட்டோ இன்டிமோ'வும், பாரிஸில் பிறந்த 'டைனமிக் டிரிப்டிக்'கும் இசைத்தட்டில் வெளிவந்தன. 1990-களில் லண்டன் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவினர் 'மூன்று மந்திரங்கள்' என்னும் படைப்பைப் பதிவு செய்தனர். 'அவதாரா' என்ற சமஸ்கிருத இசை நாடகம் ஒன்றை ஃபோல்ட்ஸ் பல்லாண்டுகள் எழுதிப் பின் கைவிட்டார். அதன் மூன்று அங்கங்களுக்கும் உரிய முன்னிசைகளே இம்மூன்று மந்திரங்கள். செயல், பேரின்பம், திண்ணிய உள்ளம் என்பன அவற்றின் பொருள். நாடகம் அழிந்தது, அதன் வாயில்கள் மட்டும் நிற்கின்றன. பின்லாந்து நாட்டுச் சகாரி ஓராமோ, பர்மிங்காம் நகர வாத்தியக் குழுவைக் கொண்டு 2004-ஆம் ஆண்டிலும் 2006-ஆம் ஆண்டிலும் இரு இசைத்தட்டுகள் வெளியிட்டார். இந்தியாவுக்கு வந்த காலத்தில் ஃபோல்ட்ஸ் எழுதிய 'இராமதாசர் பாடல்' அவற்றுள் ஒன்றில் உள்ளது.

2007-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி 'உலக ரெக்வியம்' அதே ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், பி.பி.சி. சிம்பொனி வாத்தியக் குழுவால் மீண்டும் நிகழ்த்தப்பட்டது. நடத்தியவர் அமெரிக்கரான லியோன் பாட்ஸ்டைன். 1926-ஆம் ஆண்டில் மௌனமான இசை எண்பத்தோராண்டு கழித்து வாய் திறந்தது. முன்னே அதைக் கேட்டு அழுத தாய்மார் எவரும் அவ்வரங்கில் இல்லை. கபீர்தாசரின் வாக்கு மட்டும் மாறாமல் ஒலித்தது.

இது மீட்சியின் கதை. மீளாதவற்றின் கதையும் உண்டு. டில்லியில் எழுதிய கீழ்நாடு மேல்நாடு சிம்பொனி கிடைக்கவில்லை. இந்திய வாத்தியக் குழுவுக்கென இயற்றியவற்றுள் எஞ்சியவை சிறு துணுக்குகளே. அவருடைய வாழ்நாள் வினாவுக்கு அவர் கண்ட விடை எதுவோ, சரியாக அதுவே தொலைந்தது.

இவ்விழப்பின் காரணத்தை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். மேனாட்டு இசை தாளில் வாழ்கின்றது. தாள் இருந்தால், எண்பதாண்டு கழித்தும் அறியாத ஒருவர் அதனை எடுத்து வாசிக்கலாம். நம் இசை தொண்டையில் வாழ்கின்றது. குருவிடமிருந்து சீடனுக்கு, சீடனிடமிருந்து அவன் மகனுக்கு என்று அது நடந்து செல்கின்றது. ஃபோல்ட்ஸ் இந்தியக் கலைஞர்களுக்காக எழுதிய இசைக்கு இவ்விரண்டு காப்பும் இல்லாமல் போயின. தாள்களைப் பேணும் நூலகம் அதற்கு இல்லை. பாடம் சொல்லிக் கொடுக்கும் பரம்பரை உருவாக அவர் வாழ்நாளும் இடம் தரவில்லை. அக்காலத்து ஒலிபரப்பு பெரும்பாலும் நேரடியாக நிகழ்ந்தது; ஒலித்த இசை ஒலித்த கணத்திலேயே காற்றோடு போயிற்று. இரண்டு மரபுகளை இணைக்க முயன்ற இசை, இரண்டு மரபுகளின் காவலுக்கும் வெளியே நின்றுவிட்டது.

ஆனால் கருத்து முற்றிலும் சாகவில்லை. 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தம்' என்னும் தேசிய வாத்தியக் குழுவை டில்லியில் நிறுவியது. வடநாட்டுப் பாணிக்குப் பண்டித ரவிசங்கரும், தென்னாட்டுப் பாணிக்கு நம் பிடில் வித்துவான் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினார்கள். இந்திய வாத்தியங்கள் பல ஒருங்கு கூடி ஒலித்தல் இயலுமா என்ற வினாவை அவர்கள் தம் வழியில், தம் இராகங்களின் இயல்பு கெடாமல் ஆராய்ந்தார்கள். அதே நகரத்தில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வினாவை எழுப்பியவரின் தாள்கள் அவர்கள் மேசையில் இருந்திருந்தால், ஏற்பதை ஏற்கவும் தள்ளுவதைத் தள்ளவும் வாய்ப்பு இருந்திருக்கும். முன்னோன் செய்த பிழையும் பின்னோனுக்கு ஒரு பாடமன்றோ!

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் தமிழர் சங்கங்களும் சபைகளும் அமைத்து, பாட்டு வாத்தியார்களை வரவழைத்து, பிள்ளைகளுக்கு இசை கற்பித்த தலைமுறைகள் பல. அவர்கள் எழுதிய சுரக் குறிப்பு நோட்டுகள், கச்சேரி நிகழ்ச்சி நிரல்கள், கடிதங்கள், நாடக இசைப் பாடல்கள் ஆகியவை பழைய டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் உள்ளோர் அவற்றை அயலூர்ச் செய்தி என்பர். இங்குள்ளோர் அவற்றைத் தமிழர் செய்தி என்பர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பவை அவையும்தான். வீடு மாறும்போதும் பெரியவர்கள் காலமானபோதும் அவை பழைய தாள் வாங்குவோர் தராசில் ஏறிவிடுகின்றன.

ஒரு பெட்டியை எடைக்குப் போடுமுன் அதனைத் திறந்து பார்ப்பது பெரிய செயலன்று. தேதியும் பெயரும் குறித்து, ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வைப்பதும், அருகிலுள்ள நூலகத்துக்கோ சங்கத்துக்கோ தெரிவிப்பதும் எவராலும் இயலும். ஃபோல்ட்ஸின் மகள் அந்த இரண்டு பெட்டிகளையும் எறிந்துவிடாமல் வைத்திருந்ததனால் உலகம் ஓர் இசையாசிரியரை மீளப் பெற்றது. அவர் டில்லியில் எழுதிய சிம்பொனியின் தாள்களுக்கு அப்படி ஒரு கொட்டகை வாய்க்கவில்லை.